இழுத்துப் பார்த்தவர்

வீட்டைப் பூட்டியபின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது மனித இயல்பு. இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது ஜாக்கிரதை. மூன்றாவது தடவையும் இழுத்துவிட்டு, தெருமுனை வரை போனபின் சந்தேகம் வந்து, திரும்பிவந்து நான்காவது தடவை இழுக்கிறவருக்கு என்ன பெயர் வைப்பது என்ற சிக்கலை அவருடைய அலுவலகத்தில் தீர்த்துவைத்திருந்தார்கள். 'இழுத்துப்பார்' என்றுதான் அவரைச் சொல்வார்கள், அவர் காதுபடாமல். அவருக்கும் அது தெரியும். பெயரில் பிழை இல்லை என்பதால் ஆட்சேபிக்கவில்லை.

அவர் எடைக்கல் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் பறிமுதல். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கேட்காத சமாதானம் கிடையாது. அதில் ஒன்றை மட்டும் அவரால் தாங்கவே முடியாது: "தெரியாம நடந்துபோச்சு சார்." அப்படிச் சொன்ன கடைக்காரரிடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி மெதுவாகக் கேட்பார்: "தெரியாம நடக்கிற தப்பு எப்பவும் உங்க பக்கமாவே ஏங்க சாயுது?" இதற்குப் பதில் சொன்ன கடைக்காரர் இதுவரை இல்லை.

துப்பாக்கி சுடும் கிளப்பில் அவருக்கு வேறு பெயர். அங்கே அவர் 'வீட்டுக்காரர்'. சுடுகிறவர் அவர் மனைவி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஓய்வு நாளில் இருபத்தைந்து மீட்டர் தூரத்துக் காகித வட்டத்தை ஓட்டை போடும் வேலை. இரண்டுக்கும் மூலதனம் ஆடாத கை ஒன்றுதான். கிளப் அணியில் ஒன்பது வருஷமாக நிற்பவள் என்பதால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் 'அக்கா'. அக்காவின் வீட்டுக்காரர் என்பது தேய்ந்து வெறும் வீட்டுக்காரர் ஆயிற்று. வாடகை வீட்டில் இருக்கிற மனிதரை இத்தனை பேர் வீட்டுக்காரர் என்று கூப்பிடுவது, அவரிடம் வாடகை வாங்குகிற நிஜ வீட்டுக்காரருக்கு மட்டும் அவ்வளவாக ரசிக்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. சத்தம் ஆகாது. மனைவியோடு கிளப்புக்கு வருவார், சுடுமிடத்துக்கு வெளியே நடையில் கிடக்கும் பெஞ்சில் உட்காருவார், பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு செய்தித்தாளைப் பிரிப்பார். "எதுக்கு மாமா வந்துட்டு காதை அடைச்சுக்கிறீங்க?" என்று அணியின் கடைக்குட்டிப் பெண் ஒருதரம் கேட்டாள். "கல்யாணம் பண்ணிக்கிட்டா உனக்கே தெரியும்" என்றார்.

சத்தம் ஆகாதே தவிர துப்பாக்கி ஆகும். ஞாயிற்றுக்கிழமை கிளப்பிலிருந்து திரும்பியதும் அக்கா குளிக்கப் போவாள். அவர் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துண்டை விரிப்பார். துண்டின் மேல் ஓர் அட்டை. அட்டையில் ஒவ்வொரு பாகத்தின் உருவமும் பென்சிலால் வரையப்பட்டிருக்கும், பாகத்தை அதன் நிழல்மேல் வைப்பதுபோல் வைக்கலாம். முதலில் தோட்டாக்கூட்டை உருவி எடுப்பார். மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்துக் குழலுக்குள் எட்டிப் பார்ப்பார். பார்த்தது போதாதென்று சுண்டுவிரலை விட்டும் பார்ப்பார். தோட்டா உட்காரும் அறை காலி. விசைக்குக் காவலாக இருக்கும் வளையத்தைக் கீழே சாய்த்து, மேல்மூடியைப் பின்னுக்குத் தள்ளித் தூக்கினால் அது கழன்று கையோடு வரும். அடுத்து ஸ்பிரிங். அதை மட்டும் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே எடுப்பார். முதல் வருஷம் ஒரு தடவை அது பறந்துபோய்ப் புத்தக அலமாரிக்குப் பின்னால் இரண்டு நாள் தங்கியது. அப்புறம் ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பி.

அக்கா சுடும் இந்தச் சின்னத் தோட்டா அழுக்குப் பிடித்த ஜாதி. ஈயமும் மெழுகும் பாதி எரிந்த வெடிமருந்தும் சேர்ந்து கருமையான பிசுக்காகி மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பழைய பல்விளக்கும் பிரஷால் அதைத் தேய்த்தெடுப்பார். குழலுக்கு ஒரு கயிறு; நுனியில் துணி கட்டி, தோட்டா போகும் வழியாகவே விட்டு வாய்ப்பக்கம் இழுப்பார். துணி வெள்ளையாக வரும்வரை இழுப்பார். கடைசியில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். "ஒரு சொட்டுக்கு மேல போனா அது சமையல்" என்பது அவர் கட்சி.

பிறகு வந்த வழியே திரும்பல். கம்பி, ஸ்பிரிங், மேல்மூடி, வளையம். கழற்றியதைப் பூட்டியாயிற்று. பூட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? நம் மொழியில் கதவுக்கும் பூட்டுதான், கழற்றிய பாகங்களைச் சேர்ப்பதும் பூட்டுதான். சொல் ஒன்றாக இருக்கும்போது சுபாவம் மட்டும் வேறாகுமா? பால்கனியில் இருக்கும் மண்தொட்டியைக் குறிபார்த்து, விசையை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்.

டக்.

அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு ஆகும். வாரம் முழுக்க அடுத்தவர் தப்பைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்று ஒரு பொருள் வாயைத் திறந்து சொல்கிற சத்தம் அது. பதினோரு வருஷமாக வாரத்தில் அவர் முழுசாகச் சந்தோஷப்படுகிற நொடி எதுவென்றால் அந்த 'டக்'தான். மண்தொட்டியில் இருந்த குரோட்டன்ஸும் பதினோரு வருஷமாக அஞ்சாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்த முறையை அவரே கண்டுபிடிக்கவில்லை. ஆரம்பத்தில் கிளப் காவலாளி, ராணுவத்தில் இருந்து வந்தவர், தன்னிடமிருந்த பழைய பெரிய துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டிக் காட்டினார். முடித்ததும் சுவர்ப்பக்கம் நீட்டி ஒரு தடவை விசையை இழுத்தார். "ஸ்பிரிங் ஓய்வெடுக்கட்டும் சார்" என்றார். ராணுவத்தில் அப்படித்தான். அந்தத் துப்பாக்கிக்கு அது சரியும்கூட. வீட்டுக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

அக்காவுக்கு இந்த 'டக்' தெரியாது. அந்த நேரத்தில் அவள் குளியலறையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் அக்காவுக்கு நேரம் சரியில்லை. ஒரு போட்டியில் மூன்று தோட்டா வெடிக்கவில்லை. விசையை இழுத்தாள், டக் என்றது, அவ்வளவுதான். தோட்டா மட்டம் என்றார்கள்; வேறு பெட்டி வாங்கினாள். பத்து நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடி ஒன்று வெடிக்கவில்லை. கிளப் பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கிப் பத்து தோட்டா சுட்டுப் பார்த்தார். பத்தும் வெடித்தன. "துப்பாக்கி சிங்கம் மாதிரி இருக்கு அக்கா" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெடிக்காத தோட்டாவால் மதிப்பெண் போவது சின்ன நஷ்டம். அது கையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் பெரிய நஷ்டம். வெடித்தால் துப்பாக்கி தானாகவே துள்ளும், அதில் கையின் குற்றம் மறைந்துபோகும். வெடிக்காதபோது மறைக்க எதுவும் இல்லை. அப்படி ஒரு தரம் விசையை இழுத்து, வெடிக்காமல், குழலின் முனை ஒரு விரற்கடை கீழே குத்துவதை அக்கா தன் கண்ணாலேயே பார்த்தாள். வெடிக்குமோ வெடிக்காதோ என்ற பயத்தில் கை முந்திக்கொண்டதுதான் காரணம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கை நடுக்கம். ஐம்பது வயதில் தொடங்கியது; தம்ளர் தண்ணீரில் அலை அடிக்கும். அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்று. அதே வாரம் பரிசோதனைக்கூடத்தில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு நரம்பு தப்பி, மறுபடி குத்த வேண்டியிருந்தது. அவள் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கும்போது மட்டும் தம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடித்தாள். எதையும் இழுத்துப் பார்க்கிற மனிதர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை.

அணித் தேர்வுக்கு ஆறு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சில் உட்கார்ந்து பையைத் துழாவினால் பஞ்சு இல்லை. போன வாரம் தோட்டாக்கூட்டைத் துடைத்ததில் தீர்ந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டுக்காரர் காதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல்நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"விசையை இழுத்தா உள்ள இருக்கிற ஊசி பாயும். சாதாரணத் தோட்டாவுல அது அடியோட நடுவுல அடிக்கும். நம்ம சின்னத் தோட்டாவுல மருந்து விளிம்புல இருக்கு. ஊசியும் விளிம்புலதான் அடிக்கும். தோட்டா இல்லாம விசையை இழுத்தா என்ன ஆகும்?"

அவரே பதிலும் சொன்னார்.

"ஊசி நேராப் போய் அறையோட விளிம்புல அடிக்கும். இரும்பும் இரும்பும். ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாது. அடிச்சுக்கிட்டே இருந்தா பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா அந்த இடத்துல தோட்டாவுக்குப் பிடிப்பு இருக்காது, ஒண்ணு வெடிக்கும், ஒண்ணு வெடிக்காது. அதனால சும்மா இழுத்துப் பாக்குற பழக்கம் இருக்கிறவங்க இப்பவே விட்டுடுங்க. பாக்கணும்னா சுட்ட காலித் தோட்டாவ உள்ள போட்டுட்டு இழுங்க."

இதை அந்தக் கிளப்பில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் சொல்வார்கள். வீட்டுக்காரர் சேரவில்லையே. அவருக்கு முதல் நாள் என்ற ஒன்றே வரவில்லை. வருகிற வழியில் ஒரு வார்த்தை காதில் விழுந்திருக்கலாம். காதில் பஞ்சு இருந்தது.

செய்தித்தாளை அவர் அன்றைக்கு மடிக்கவேயில்லை, தலைகீழாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா குளிக்கப் போனதும் துண்டை விரித்தார். பிரித்தார். தராசின் முள் நிற்கும் கோட்டைப் பார்க்க அலுவலகப் பையில் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அறையின் விளிம்பைப் பார்த்தார். வட்டம் ஓர் இடத்தில் வட்டமாக இல்லை. எள்ளில் பாதி இருக்கும் அந்தப் பள்ளம். ஊசி அடிக்கும் இடத்தில் பள்ளம், பள்ளம் இருக்கும் இடத்தில் ஊசி. அவருடைய கையெழுத்துக்கூட அத்தனை தெளிவாக இருக்காது.

அன்றைக்குப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்கவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் பூட்டையும் இழுத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தார். செவ்வாய்க்கிழமை, பூட்டியது நினைவில் இல்லாத கதவுக்குத் திரும்பி ஓடுகிறவர்போல், சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதில் நான்கு தடவை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது 'தெரியாம நடந்துபோச்சு' என்றே முடிந்தது. புதன்கிழமை ஒரு மளிகைக்கடையில் ஐம்பது கிராம் குறைவான எடைக்கல்லைப் பிடித்தார். கடைக்காரர் அதே சமாதானத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. தன் தப்பு யார் பக்கம் சாய்ந்திருந்தது என்று யோசித்தார். அந்த 'டக்'கில் சந்தோஷம் முழுக்க அவர் பக்கம். பள்ளம் முழுக்க அக்கா பக்கம். கடைக்காரராவது ஐம்பது கிராமோடு நின்றுவிட்டார். வீட்டுக்காரர் "பாத்து நடந்துக்குங்க" என்று சொல்லி, கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அலுவலகத்தில் அவருக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை மாலை அக்கா ஒரு காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"கிளப் செயலாளருக்கு எழுதியிருக்கேன். எழுத்துப் பிழை இருக்கா பாருங்க."

நாலே வரி. அன்புள்ள ஐயா. அணித் தேர்விலிருந்து விலகிக்கொள்கிறேன். என் கை முன்போல் நிலையாக இல்லை. என் இடத்தை இளையவர்களுக்குக் கொடுத்துவிடவும்.

அவர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஆய்வுக்குப் பயன்படுத்துவது. மூன்றாவது வரிக்குக் கீழே கோடு போட்டார்.

"இதுல பிழை இருக்கு."

"நிலையாகன்னு தானே எழுதணும்? 'லை'யா 'ளை'யா?"

"எழுத்து சரி. விஷயம் தப்பு. உன் கைக்கு ஒண்ணும் இல்ல."

அக்கா உட்கார்ந்தாள். "ஆறுதல் சொல்லாதீங்க. எங்கம்மாவுக்கு ஆரம்பிச்சப்பவும் எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க. நான் பாத்தேன், குழல் கீழே குத்துது."

"குத்தும். வெடிக்குமா வெடிக்காதான்னு தெரியாம இழுத்தா யார் கையா இருந்தாலும் குத்தும். வெடிக்காம இருக்கிறதுக்குத் துப்பாக்கி காரணம். துப்பாக்கிக்கு..." அவர் பென்சிலை மேசையில் வைத்தார். "துப்பாக்கிக்கு நான் காரணம்."

சொல்லத் தொடங்கியபின் அவர் எதையும் விடவில்லை. காவலாளி, ஸ்பிரிங்கின் ஓய்வு, மண்தொட்டி, பஞ்சு, பெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை பார்த்தது, நாலு நாளாகச் சொல்லாதது, எல்லாம். கடைசியில் "தெரியாம" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா கடிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு, "பெட்டிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எடுத்து வந்தார். துண்டு, அட்டை. பதினோரு வருஷத்தில் அவர் பிரிப்பதை அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பாகமும் அதன் பென்சில் நிழல்மேல் போய் உட்கார்ந்தது. ஸ்பிரிங்கை அவர் குழந்தையின் கழுத்தைத் தாங்குவதுபோல் எடுத்ததைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியை வாங்கி, அறையின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நரம்பு தேடுகிற பார்வை. கண்டுபிடித்ததும் அவள் தோள் இரண்டும் ஓர் அங்குலம் இறங்கின.

"எத்தனை தடவை?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்ணு. போட்டி நாள்ல கூட ஒண்ணு. ஊருக்குப் போனதைக் கழிச்சா..." அவர் உதடு அசையக் கணக்குப் போட்டார். "அறுநூத்தி இருபது. பத்து கூடக் குறைய இருக்கலாம்."

"ஒரே இடத்துல."

"ஒரே இடத்துல."

"துப்பாக்கின்னாலே காதைப் பொத்திக்கிற மனுஷன், அறுநூத்தி இருபது தடவை சுட்டு, ஒண்ணுகூடக் குறி தவறல. இத்தனை வருஷமா வெளியில பெஞ்சுல உக்காந்திருந்த ஆளைத்தான் அணிக்கு அனுப்பியிருக்கணும்."

சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை என்பதால் அவரும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளிம்புவரை தண்ணீர். அரை நிமிஷம் போயிற்று. அதில் ஓர் அலைகூட இல்லை. அப்படியே நின்றபடி அழுதாள். அப்போதும் தண்ணீர் சிந்தவில்லை. அவர் எழுந்து போகவில்லை. போனால் தட்டிவிடுவோமோ என்று பயந்தார்.

பிறகு கோபம் வந்தது. ஆறுதல் முதலில் வந்து கோபம் பின்னால் வந்தால் அது நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு வந்த கோபம். நாலு நாள் சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை. "அறுநூத்தி இருபதை மன்னிச்சுடலாம். இந்த நாலு நாள் நான் தம்ளரைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப நீங்க என்னைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றாள். அப்போதுதான் அவருக்கு, இருபத்தெட்டு வருஷமாகக் கடைக்காரர்கள் ஏன் பேசாமல் நின்றார்கள் என்று விளங்கியது.

வெள்ளிக்கிழமை அவளே துப்பாக்கியைப் பயிற்சியாளரிடம் கொண்டுபோனாள். உள்ளே ஒதுங்கிய உலோகத்தை ஓர் உருளைக் கருவியால் மறுபடி விளிம்புக்குத் தள்ளிச் சரிசெய்யலாம், ஒரு வாரம் ஆகும் என்று அவர் சொன்னார். யார் இழுத்தது என்று கேட்டார். "வீட்டுல ஒருத்தர்" என்றாள். வீட்டில் இரண்டு பேர்தான். பயிற்சியாளர் மேற்கொண்டு கேட்கவில்லை.

சனிக்கிழமை கிளப்பின் இரவல் துப்பாக்கியால் சுட்டாள். பழகாத பிடி, பழகாத விசை. முதல் சுற்றில் கை முந்திக்கொண்டது. இரண்டாவதில் பாதி மறந்தது. மூன்றாவதில் மறந்தேபோயிற்று. எல்லாத் தோட்டாவும் வெடித்தன. அணியில் ஐந்து பேர். அவள் ஆறாவதாக வந்து, மாற்று ஆளாக நின்றாள். கடைக்குட்டிப் பெண் ஐந்தாவது. பெஞ்சில், காதில் பஞ்சு இல்லாமல், ஒவ்வொரு வெடிக்கும் தோள் துள்ள உட்கார்ந்திருந்தவரைத் தாண்டி வரும்போது அக்கா சொன்னாள்: "ரெண்டு மார்க்ல போச்சு. அது என் கைதான். உங்களுக்கு அதுல பங்கு கிடையாது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. தோற்றதற்குத் தானே காரணமாக இருப்பது எப்பேர்ப்பட்ட சொத்து என்பதை அவர் அன்றுவரை யோசித்ததில்லை.

துப்பாக்கி வந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான நேரத்தில் அவர் துண்டை எடுக்கவில்லை. அக்கா குளிக்கப் போகவில்லை. அவளே துண்டை விரித்து, அட்டையை வைத்து, "என்ன, வேலை நிறுத்தமா?" என்றாள். அவர் பிரித்தார், துடைத்தார், ஒரு சொட்டு விட்டார், பூட்டினார். கை விசைப்பக்கம் போய் அந்தரத்தில் நின்றது.

அக்கா சுட்ட காலித் தோட்டா ஒன்றை மேசைமேல் உருட்டிவிட்டாள்.

"உள்ள போட்டு இழுங்க. இழுக்காட்டி ராத்திரி பூரா புரண்டுக்கிட்டு இருப்பீங்க, எனக்குத் தூக்கம் போயிடும்."

போட்டார். மண்தொட்டியைக் குறிபார்த்தார். இழுத்தார். 'டக்' முன்போல் இல்லை. இரும்புக்குப் பதில் பித்தளை, கொஞ்சம் மெத்தென்று கேட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. பழகிக்கொள்வார்.

அந்தக் கடிதம் கிளப்புக்குப் போகவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கிறாள். மூன்றாவது வரியில் அவருடைய சிவப்புக் கோட்டுக்கு மேல் அக்காவின் கையெழுத்தில் திருத்தம் இருக்கிறது. 'என்' என்பதற்குப் பிறகு 'வீட்டுக்காரர்' சேர்ந்திருக்கிறது, 'நிலையாக' அடிபட்டு 'சும்மா' ஆகியிருக்கிறது. இப்போது அந்த வரி: என் வீட்டுக்காரர் கை முன்போல் சும்மா இல்லை. 'முன்போல்' என்பதையும் அடித்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அது முன்பும் சும்மா இருந்ததில்லை. எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்.